புழுக்கமும் புலமையும்

பாடஞ் சொல்லும் இயல்பினை வகுக்கப் புகுந்த நன்னூலார், ஆசிரியன் முதற்கண் காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்து தேர்தல் வேண்டும் என்றார். நூலின் அமைதி, மாணாக்கனது கொள்ளும் ஆற்றல், உரைக்கும் முறை ஆகிய பிறவெல்லாம் அதன் பின்னரே வருகின்றன. இவ்விதியை நாம் தேர்வின்பொருட்டு மனப்பாடஞ் செய்து ஒப்புவித்தோம். அது நாம் இருந்து படிக்கும் அறைக்கும் உரியதென்று எண்ணிப் பார்த்தவர் நம்முட் சிலரே. காலம், இடம் என்பவற்றுள் அவ்விடத்தின் வெப்பமும் ஈரமும் அடங்குமோ எனின், அடங்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அத்துணிபிற்கு அடிப்படையான செய்திகளை, தமிழ் மாணவன் ஒருவன் அறிவியல் நூல்களினின்று பொறுக்கியெடுத்த அளவில், ஈண்டு ஆராய்வாம்.

நம் ஊரின் இயல்பை முதலில் நோக்குவாம். திண்டுக்கல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்கே பழனிமலைத் தொடர், கிழக்கே சிறுமலை, இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது நம் சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மழையை மேல்மலைகள் தாமே பெற்றுக்கொண்டு, ஈரம் இழந்த காற்றையே நமக்கு விடுகின்றன. பங்குனியின் பிற்பகுதி தொடங்கி வைகாசி முடிய, நிழலிலேயே வெப்பம் 37, 38 டிகிரி சென்டிகிரேடை எளிதில் எட்டும். சில நாட்களில் 40-ஐயும் கடக்கும். ஊரின் நடுவே ஒற்றைப் பாறையாய் நிற்கும் மலைக்கோட்டை பகலெல்லாம் வெயிலை உண்டு முன்னிரவில் அதனை உமிழ்கின்றது. அதன் அடிவாரத்துத் தெருக்களில் வாழ்வோர் வீட்டினுள் இருத்தல் ஆற்றாது வாயிற்படியிலும் மாடியிலும் அமர்ந்திருத்தலை யாவரும் கண்டிருப்பர். ஐப்பசி கார்த்திகையிலோ நிலைமை வேறு. வெப்பம் 30 டிகிரி அளவிற்குத் தாழ்கின்றது. ஆயினும் காற்று ஈரத்தால் நிறைந்து, மழைக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்த அறையுள் அசைவற்று நிற்கின்றது. முன்னதை வெக்கை என்றும் பின்னதைப் புழுக்கம் என்றும் நம்மவர் வேறுபடுத்தி வழங்குவர். கருவி ஏதுமின்றி உடம்பே கருவியாக அவர் கண்ட இவ்வேறுபாடு, பின்னர்க் காட்டுமாறு, மிக நுட்பமானது.

பண்டைத் தமிழர் பொழுதையும் நிலத்தையும் பிரித்து நோக்கியதில்லை. தொல்காப்பியனார் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிமையாக்கினார். வீட்டின் உள்ளேயும் அவர்கள் பருவத்தை மறந்தாரல்லர். சிலப்பதிகாரத்தில் வேனிற்பள்ளி என்றும் கூதிர்ப்பள்ளி என்றும் பருவத்திற்கு ஏற்ற வெவ்வேறு படுக்கையிடங்கள் கூறப்படுகின்றன. முன்னது காற்றை ஏற்கும் நிலாமுற்றம். பின்னது சிறு சாளரங்களையுடைய உள்ளறை. செல்வர்க்கே இவை வாய்த்தன என்பது மெய்யே. ஆயினும், ஓர் அறை எல்லாப் பருவத்திற்கும் ஒவ்வாது என்னும் அறிவு அக்காலத்தே இருந்தது. இக்காலத்து நம் பள்ளிகளிலோ, சித்திரைக்கும் ஐப்பசிக்கும் ஒரே அறை; ஒரே கூரை.

நிற்க. வெக்கைக்கும் புழுக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நம் வீட்டு மண்பானையே போதும். புதுப்பானையில் ஊற்றிய நீர் சித்திரையில் நன்கு குளிர்கின்றது. அடைமழை நாளில் அத்துணைக் குளிர்வதில்லை. பானையின் நுண்டுளைகளின் வழியே கசிந்த நீர் ஆவியாகுங்கால் தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே கவர்ந்து செல்கின்றது. ஒரு கிராம் நீர் இவ்வாறு ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். சுற்றியுள்ள காற்று வறண்டதாயின் ஆவியை விரைந்து ஏற்கும். முன்னமே ஈரம் நிறைந்ததாயின் ஏற்க மறுக்கும். மனித உடம்பும் அத்தகைய பானையே. வியர்வை அதன் கசிவு. வியர்வை வடிந்தால் உடல் குளிராது. வியர்வை உலர்ந்தால்தான் குளிரும். புழுக்க நாளில் ஆடையெல்லாம் நனைந்தும் ஆறுதல் இல்லாமைக்குக் காரணம் இதுவே.

ஆகவே ஓர் அறையின் கொடுமையை அறிதற்கு வெப்பமானி ஒன்று மட்டும் போதாது. மற்றொரு வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றில் வைத்தல் வேண்டும். துணியின் நீர் ஆவியாக ஆவியாக அதன் அளவு இறங்கும். எந்த அளவிற்கு இறங்கி நிற்கின்றதோ அதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. சித்திரைப் பகலில் 38 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 30 பங்கு ஈரப்பதமும் உள்ள அறையில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 24 டிகிரியில் நிற்கும். மழைக்காலத்தில் 32 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 80 பங்கு ஈரப்பதமும் உள்ள அறையில் அஃது ஏறத்தாழ 29-இல் நிற்கும். வெப்பமானி ஆறு டிகிரி குறைத்துச் சொல்லும் அறையே, காற்றோட்டமும் இல்லாதாயின், உடம்பிற்கு மிகுந்த இடர் விளைப்பது. புழுக்கம் என்று தனிப்பெயர் இட்ட நம் முன்னோர் பிழைபடவில்லை.

இதனை அளந்து நிறுவியவருள் முற்பட்டவர் ஸ்காட்லாந்து நாட்டு உடலியலறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் என்பார். கார்ன்வால் நாட்டுச் சுரங்கங்களின் வெம்மையை ஆராய்ந்த இவர், தாமே அத்தகைய இடங்களில் இருந்து தம் உடல்வெப்பத்தை அளந்து, 1905-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். அசைவற்ற காற்றில் மனிதனைத் தாக்குவது வெப்பமானியின் அளவன்று, ஈரக்குமிழின் அளவே என்பதும், அது 31 டிகிரியைக் கடந்தால் வேலையின்றி வாளா இருத்தலும் நெடுநேரம் இயலாது என்பதும் அவர் கண்டவை. 2010-இல் அறிஞர் இருவர், மனித உடம்பு தாங்கும் இறுதி எல்லை ஈரக்குமிழ் 35 டிகிரி என்று கணக்கிட்டுக் கூறினர். உலகெங்கும் அவ்வெண்ணே பேசப்பட்டது. பின்னர் 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நலமிக்க இளைஞரை அறையில் இருத்திச் சோதித்தபோது, ஈரமிக்க காற்றில் 31 டிகிரிக்கு அண்மையிலேயே உடல்வெப்பம் கட்டின்றி ஏறத் தொடங்குதலைக் கண்டனர். நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் தம் உடம்பைக் கொண்டு கண்ட எண்ணிற்கே அறிவியல் மீண்டு வந்தது.

இனி வகுப்பறைக்கு வருவோம். வாளா அமர்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் இடையறாது வெளிப்படுகின்றது. அறுபது பேர் இருக்கும் அறையில் இது 6,000 வாட். அஃதாவது ஒரு கிலோவாட் மின்னடுப்பு ஆறனை அறையின் நடுவே எரியவிட்டதற்கு ஒப்பாகும். மூச்சாலும் தோலாலும் அவர்கள் விடும் ஈரம் வேறு. மேலே தகரமோ கல்நார்த் தகடோ இருப்பின், அது வெயிலிற் காய்ந்து கீழிருப்போர் தலைமேல் நேரே வெப்பத்தைச் சொரிகின்றது. இவ்வெப்பத்தை நிழலில் தொங்கும் வெப்பமானி முழுதும் காட்டாது. கூரைக்கு நேர்கீழ் இருப்பவன் உச்சந்தலை காட்டும். காங்கிரீட் தளம் அங்ஙனம் உடனே சுடுவதன்று. பகலில் ஏற்ற வெப்பத்தைச் சில மணி நேரம் தாழ்த்தி, விளக்கேற்றிய பின் நாம் நூலை விரிக்கும் வேளையில் மெல்ல விடுவது. ஆகவே பகலில் ஒரு கூரையும் இரவில் ஒரு கூரையும் நம்மை வாட்டுகின்றன.

சிறு கணக்கு ஒன்று காண்க. அறையின் வெப்பம் தோலின் வெப்பமாகிய 35 டிகிரியை எட்டியபின், உடம்பு தன் வெப்பத்தைக் காற்றிற்குத் தருதல் இயலாது. வியர்வை ஒன்றே வழி. 100 வாட் வெப்பத்தைப் போக்க மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் நீர் ஆவியாதல் வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வில் இஃது அரை லிட்டரை அணுகும். வடிந்து வீணாகும் வியர்வையும், காலையிலிருந்தே நீரருந்தாது வந்த பழக்கமும் சேருமாயின், ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோ, அஃதாவது உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீரை இழத்தல் அரிதன்று. அவ்வளவு நீரிழப்பு ஊன்றிய கவனத்தைத் தளர்த்துகின்றதென்பது பல ஆய்வுகளிற் கண்டது. தேர்வுக்கூடத்தில் வெளியே செல்ல நேருமென்று அஞ்சி நீரருந்தாதிருக்கும் மாணவியர் பலர் என்பதை ஈண்டுக் குறிக்க வேண்டியுள்ளது. இதற்குத் தூய்மையான கழிப்பிடமே மருந்து, அறிவுரை மருந்தன்று.

இவ்வெப்பம் மூளையை எவ்வாறு எட்டுகின்றது? மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் ஓய்ந்திருக்கும் உடம்பு செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்கின்றது. உண்ட ஆற்றல் முடிவில் வெப்பமாகும்; அவ்வெப்பத்தைச் சுமந்து செல்வது குருதி. உடம்பு வெம்மையுறுங்கால் குருதி தோலை நோக்கி மிகுதியாகச் செலுத்தப்படுகின்றது, இதயம் விரைகின்றது. வெம்மை மிக்கு உடலின் உள்வெப்பமே ஏறினால் மூச்சு விரைந்து, குருதியிற் கரியமிலவாயு குறைந்து, அதனால் மூளையின் நாளங்கள் சுருங்கி, அங்குச் செல்லும் குருதியும் குறைகின்றது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து நோக்கியோர், அந்நிலையில் முற்பகுதியின் விரைந்த அலைகள் தளர்தலைக் கண்டுள்ளனர்; அது விழிப்புக் குறைவின் அடையாளம். நம் வகுப்பறையில் இத்துணைத் தொலைவு செல்வதில்லை. அங்கு நிகழ்வது வேறு. உடம்பைக் காக்கும் வேலையும் பாடத்தைக் கேட்கும் வேலையும் ஒரே முதலாளியிடம் ஒரே நேரத்திற் கூலி கேட்கின்றன. எளிய வேலைகளில் முயற்சியை மிகுத்து நாம் ஈடுசெய்து விடுகின்றோம். கூட்டல் கழித்தல், பார்த்து எழுதுதல் முதலியன அதிகம் கெடுவதில்லை. பல செய்திகளை ஒருங்கே நினைவில் நிறுத்தி ஒன்றோடொன்று பொருத்துதல், நெடுநேரம் ஒன்றையே கூர்ந்து நோக்கியிருத்தல் ஆகியவையே முதலில் தளர்வன. யாப்பருங்கலக்காரிகைச் சூத்திரத்தை ஒப்புவித்தல் புழுக்கத்திலும் இயலும். ஒரு வெண்பாவை அலகிட்டுத் தளை காண முற்படுங்கால்தான் இடர் தெரியும்.

இதனைச் சோதித்தோர் பலர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1946-இல் மாக்வொர்த் என்பார் வெளியிட்ட ஆய்வில், கம்பியில்லாத் தந்தி கேட்டு எழுதுவோரை வெவ்வேறு வெம்மையும் ஈரமும் உள்ள அறைகளில் இருத்திப் பிழைகளை எண்ணினார். ஓர் எல்லை வரையில் பிழைகள் பெரிதும் மாறவில்லை; அதனைக் கடந்தபின் திடுமென மிகுந்தன. அவருள் மிகத் திறமை பெற்றோர் குறைவாகவும், திறமை குறைந்தோர் மிகுதியாகவும் தடுமாறினர். வெப்பம் எல்லாரையும் ஒப்பத் தாக்குவதில்லை. தடுமாறும் நிலையில் இருப்பவனையே முதலிற் தள்ளுகின்றது. கடைவரிசையில் இருக்கும் நம் நண்பர்களை இச்செய்தியோடு சேர்த்து எண்ணுக.

2016-ஆம் ஆண்டு வேனிலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஒரு வெப்ப அலை வீசியது. அப்போது நம் ஒத்த அகவையினரான மாணவர் 44 பேரைப் பன்னிரண்டு நாள் ஆராய்ந்தனர். சிலர் குளிரூட்டிய விடுதியிலும் சிலர் அவ்வசதியில்லாப் பழைய விடுதியிலும் உறங்கினர். காலையில் எழுந்தவுடன் அவர்க்குச் சிறு தேர்வு வைக்கப்பட்டது. குளிரூட்டாத அறையில் உறங்கியோர் விடை கூறுதலில் நூற்றுக்கு 13 பங்கு அளவு தாழ்ந்தனர். கூட்டற்கணக்கிலும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்தனர். அவ்வறைகளின் சராசரி வெப்பம் 26 டிகிரியை ஒட்டியதே. ‘இஃதொரு வெப்பமா?’ என்று நம்மவர் நகைப்பர். நகைத்தலில் நியாயமும் உண்டு. வெம்மையிற் பழகிய உடம்பு இரண்டு வாரத்திற்குள் முன்னதாகவும் மிகுதியாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கின்றது, உப்பிழப்பைக் குறைத்துக்கொள்கின்றது. இந்தியக் கட்டடங்களில் வாழ்வோர் மேனாட்டாரினும் மிக்க வெப்பத்தை இனிதென ஏற்பர் என்பதும் அளந்து அறியப்பட்டதே. ஆகவே பாஸ்டனின் எண்ணை அப்படியே பெயர்த்துத் திண்டுக்கல்லில் நடுதல் பொருந்தாது. ஆயின் அவ்வாய்வின் உயிர்நிலை எண்ணன்று. அம்மாணவர் காலையில் எழுந்து குளிர்ந்த வேளையிலேயே தடுமாறினர் என்பதே. உறக்கம் வருதற்கு உடலின் உள்வெப்பம் சிறிது தாழ்தல் வேண்டும். வெப்பமிக்க இரவு அதனைத் தடுக்கின்றது. பகலில் நாம் இழப்பதாக எண்ணுவதில் ஒரு பங்கு முந்திய இரவே இழந்தது.

தேர்வைப் பற்றியும் கணக்கு உண்டு. நியூயார்க் நகரத்துப் பள்ளித் தேர்வுகளைப் பார்க் என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்து, 32 டிகிரி வெப்பமுள்ள நாளில் எழுதியோர், 22 டிகிரி நாளில் எழுதியோரினும் தெளிவாகத் தாழ்ந்த மதிப்பெண் பெற்றமையைக் காட்டினார். அதனால் சிலர் தேர்ச்சியையே இழந்தனர். அவரும் வேறு மூவரும் சேர்ந்து ஒரு கோடி அமெரிக்க மாணாக்கரின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட நூலாராய்ச்சி இன்னும் பெரிது: குளிரூட்டாத பள்ளிகளில் ஓராண்டின் சராசரி வெப்பம் அரை டிகிரி சென்டிகிரேடிற்குச் சற்றே மிகுந்தாலும், அவ்வாண்டுக் கல்வியில் நூற்றில் ஒரு பங்கு குறைகின்றதாம். அவ்விழப்பு ஏழை மாணாக்கரையே மிகுதியாகத் தாக்கியது. குளிரூட்டிய பள்ளிகளில் அது பெரும்பாலும் மறைந்தது.

நம் நாட்டு ஆராய்ச்சியோ எதிர்பாராத வேறொரு வழியைக் காட்டுகின்றது. கர்க், ஜக்னானி, தராஸ் என்னும் மூவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முந்திய ஆண்டில் சராசரி 29 டிகிரிக்கு மேற்பட்ட நாட்கள் மிகுந்த மாவட்டங்களில், இந்திய நாட்டுப்புறப் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும் தாழ்ந்தமையைக் கண்டனர். அதற்கு அவர்கள் கூறும் காரணம் வகுப்பறையின் வெம்மை மட்டுமன்று. வெப்பம் பயிரைக் கெடுத்தது. பயிர் கெடவே வருவாய் குறைந்தது. வருவாய் குறையவே பிள்ளைகளின் உணவும் படிப்பும் குறைந்தன. ஊரக வேலை உறுதித் திட்டம் பரவிய இடங்களில் இத்தாக்கம் தணிந்தது என்பதே இதற்குச் சான்று. மேனாட்டு மாணவனின் மூளையை வெப்பம் கூரை வழியே எட்டுகின்றது. நம் வேடசந்தூர், ஒட்டன்சத்திரத்து உழவர் மகனின் மூளையை அஃது அடுப்பு வழியாகவும் எட்டுகின்றது. குளிரூட்டியால் தீர்வதன்று இது.

ஈண்டு நூற்பாலைகளைப் பற்றிக் கூறாது விடுதல் திண்டுக்கல்லைப் பற்றிக் கூறாது விடுதலாம். வேடசந்தூர்ச் சாலையிலும் பிற சாலைகளிலும் ஆலைகள் பல உள. பருத்தி இழை வறண்ட காற்றில் எளிதில் அறும். உராய்வால் மின்னேற்றம் பெற்றுச் சிலிர்க்கும். ஆதலின் ஆலையின் உட்புறம் பொறிகளால் ஈரமூட்டப் பெறுகின்றது. ஈரப்பதம் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரையில் நிற்குமாறு காக்கப்படுகின்றது. கதிர்கள் சுழலும் பொறிகளின் வெப்பமும் அதனோடு கூடும். சின்னாளப்பட்டி நெசவாளர் குழித்தறியில் அமர்வதும் பாவின் இழை ஈரம் இழவாமைப் பொருட்டே. அஃதாவது, வெளியே வெக்கை. உள்ளே தொழிலுக்கென ஆக்கிய புழுக்கம். இத்தகைய செயற்கை ஈரத்தால் தொழிலாளர் நலம் கெடுதலை முதலிற் கண்டு சட்டம் செய்தவர் இங்கிலாந்தினர். லங்காஷயர் நெசவுக்கூடங்களுக்கென 1889-இல் அச்சட்டம் வந்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டத்திற்கும் செயற்கை ஈரத்திற்கும் தனிப் பிரிவுகள் வகுத்தது. அதன்வழி வந்த மாதிரி விதிகள் வேலையறையின் ஈரக்குமிழ் 30 டிகிரியைக் கடத்தலாகாது என்றன.

என் தமக்கையார் ஓர் ஆலையில் மூன்றாண்டுகள் இழை பிணைத்தவர். அவர் கூலியிலேயே என் முதலாண்டுக் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. நான் இக்கட்டுரைக்கென அவரை வினவியபோது, ‘கண் முன்னே இழை அறுந்து தொங்கும் தம்பி, பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், அறுந்திருக்கிறதென்று மனசுக்குப் படச் சிறிது நேரம் ஆகும்’ என்றார். மாக்வொர்த் பிழைகளை எண்ணிக் கண்டதை அவர் ஒரு தொடரிற் சொல்லிவிட்டார். அறுந்த இழைக்கு அபராதம் இருந்தது, புழுக்கத்திற்கு இல்லை. சோமநாதன் முதலிய நால்வர் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டின் வெப்பம் ஒரு டிகிரி மிகுந்தால் இந்தியத் தொழிற்சாலைகளின் ஆக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு குறைகின்றது. பெங்களூரின் ஆடைத் தொழிற்சாலைகளிலோ, வெம்மைமிக்க பழைய விளக்குகளை நீக்கிக் குளிர்ந்த விளக்குகளை இட்டபோது, மின்சாரச் செலவு குறைந்ததோடு வெப்ப நாட்களின் தையல் வேலையும் உயர்ந்தமை காணப்பட்டது. அபராதத்தினும் விளக்கை மாற்றுதல் மலிவு போலும்.

நன்னூலின் பாயிரத்தில் நூல் என்னும் சொல்லுக்கு நூற்கப்படும் நூலையே உவமையாக்கிச் சொல் பஞ்சாகவும், அறிவு கதிராகவும், புலவன் நூற்பவளாகவும் உருவகம் செய்யப்பட்டுள்ளது. அவ்வுவமையை இன்று திண்டுக்கல்லில் வைத்து நோக்கின் ஒரு முறைகேடு புலனாகும். ஆலையில் நூலின்பொருட்டு ஈரமானி தொங்குகின்றது. நாழிகைதோறும் அதன் அளவு குறிக்கப்படுகின்றது. நூல் கற்போர் அறையில் அஃது இல்லை.

வெப்பத்திற்கும் அறிவிற்கும் உள்ள தொடர்பைப் பற்றி இம்மாவட்டத்தில் முன்னரே எண்ணினோர் உளர். ஆயின் தவறான முடிவிற்கு வந்தோரும் அவருட் சிலர். மதுரையில் தொண்டாற்றிய அமெரிக்க மிஷனரிமார் சமவெளியின் வெம்மைக்கும் நோய்க்கும் ஆற்றாராய், முதலிற் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கு மலேரியாக் காய்ச்சல் அவர்களை வருத்தியது. 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். அங்கு எழுந்த ஊரும் பள்ளிகளும் இன்றுமுள. உயிருக்கு அஞ்சிச் சென்ற அவர்களைக் குறை கூறுதற்கில்லை. பிள்ளைகளைப் புதைத்த பெற்றோர் அவருட் பலர். குறை கூறத்தக்கது பின்னர் எழுந்த கொள்கை. 1915-இல் அமெரிக்கரான ஹன்டிங்டன் என்பார், நாகரிகமும் மனவூக்கமும் குளிர்ந்த நாட்டிற்கே உரியன என்று பொருள்படப் பெருநூல் ஒன்று எழுதினார். வெம்மைமிக்க நாட்டில் வாழும் மக்களே இயல்பில் மந்தர் என்று அதனை வழங்கியோர் பலர். இக்கொள்கைக்கும் நாம் மேற்கூறிய ஆய்வுகளுக்கும் மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஒரே மாணவனே குளிர்ந்த நாளில் நன்றாகவும் வெப்ப நாளில் தாழ்வாகவும் எழுதுகின்றான் என்பதே ஆய்வுகளின் முடிவு. குறை அறையினது, அவன் குலத்தினதன்று. அன்றியும், வையைக்கரையில் தமிழாய்ந்த மதுரை குளிர்நாட்டில் இருந்ததில்லை. சிங்கப்பூரின் முதற் பிரதமர் லீ குவான் யூ, தம் நாட்டின் உயர்விற்குக் குளிரூட்டியே பெருந்துணை என்று கூறி, அரசு அலுவலகங்களில் அதனை முதலில் அமைத்தார். கட்டடம் மாறவே அங்கே வேலையும் மாறியது.

எனினும், எல்லா வகுப்பறைக்கும் குளிரூட்டி என்பது நம் பள்ளிகளுக்கு எட்டாக் கனி. அன்றியும் அக்கருவி உள்ளறை வெப்பத்தைத் தெருவிற் கொட்டுவது. நம் கைக்கு எட்டுவன வேறு உள. முதலாவது கூரை. பழைய சென்னைத் தளங்களில் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் இட்டு வெயிலைத் தடுத்தனர். இன்று அதனைச் செலவென்று நீக்கி வெறுந்தளம் விடுகின்றோம். தகரமாயினும் தளமாயினும் மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், வெயிலின் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். மேற்புறச் சாளரத்தருகே வேம்போ புங்கோ நிற்குமாயின் இன்னும் நன்று. மின்விசிறி புழுக்கத்தில் பேருதவி. ஏனெனில் தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அஃது அகற்றுகின்றது. வறண்ட வெக்கையில், காற்றே தோலினும் சூடாக இருக்கும் வேளையில், வெறும் விசிறி சூட்டையே வீசும். அப்போது முகத்தையும் கைகளையும் நனைத்துக்கொண்டு அதன் கீழ் இருத்தல் வேண்டும். ஈரத்திரை தொங்கவிடுதல் சித்திரைக்குப் பொருந்தும். ஐப்பசியில் அதுவே கேடு செய்யும். ஒரே மருந்து இரு நோய்க்கும் ஆகாது என்பதற்காகவே மேலே பானையைப் பற்றி அத்துணை விரித்தது.

இரண்டாவது காலம். 2023-ஆம் ஆண்டில் ஜூன் முதல்நாள் திறக்க வேண்டிய தமிழ்நாட்டுப் பள்ளிகளை வெப்பம் காரணமாகப் பன்னிரண்டாம் நாள் வரையில் தள்ளிவைத்தனர். 2024 அக்டோபரில் வெப்ப அலை இம்மாநிலத்திற்குரிய பேரிடராக அறிவிக்கப்பட்டது. வெப்பத்தால் உயிரிழந்தோர் குடும்பத்திற்கு அரசு துணை நிற்க அதனால் வழி பிறந்தது. பள்ளியை மூடுதற்கு மனம் ஒப்பிய நாம், தேர்வின் மணியை மாற்றுதற்கு மட்டும் ஏன் தயங்குதல் வேண்டும்? கல்லூரித் தேர்வுகளிற் சில பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குவன. அவ்வேளையில் கூரைக்கு நேர்கீழ் இருக்கை வாய்த்தவனும், காலையில் மரநிழற் சாளரத்தருகே இருக்கை வாய்த்தவனும் பெறும் மதிப்பெண்களை ஒரே தராசில் நிறுத்தல் நடுவுநிலையாகுமா என்பது, தேர்வு வகுப்போர் விடை கூற வேண்டிய வினா. ஏப்ரல் மாதத் தேர்வுகளைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடித்தல் செலவில்லாதது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வருவோர்க்கு முதற் பேருந்து கிடைக்குமா என்னும் தடையொன்று உண்டு. நத்தம் வழித்தடத்து நண்பர்கள் அதனை வன்மையாக எடுத்துரைத்தனர். ஆதலின் பேருந்து நேரத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

வரும் வேனிலில், நண்பர் மூவர் கூடி, வெப்பமானிகள் இரண்டிரண்டாக வாங்கி, ஒன்றன் குமிழை ஈரத்துணியாற் சுற்றி, நம் தேர்வு மண்டபத்திலும், மாடி வகுப்பறை ஒன்றிலும், மலையடிவாரத்து வீடு ஒன்றிலும் காலை எட்டு, பகல் இரண்டு, இரவு ஒன்பது ஆகிய மூன்று வேளையும் அளவு குறிக்க எண்ணியுள்ளோம். துணியை நனைக்க வடித்த நீரும், குறித்து வைக்க ஒரு குறிப்பேடும் போதும். தகரக்கூரை வீட்டில் வாழும் நண்பர் எவரேனும் நான்காவது இடமாகத் தம் வீட்டைத் தர விரும்பின், தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் வந்து தெரிவிப்பாராக.